கடனா, கடன் அட்டையா? மார்க்கம் காட்டும் வழி என்ன?

நீலகிரி மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில் மஞ்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்குகிறது குந்தா வட்டம். 1956-ஆம் ஆண்டில் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் இங்குத் தொடங்கப்பெற்ற நீர்மின் திட்டத்தினால் குந்தா என்னும் பெயரைத் தமிழகம் அறியும். ஆனால் அம்மலைவாழ் மக்களின் அன்றாட வாழ்வை நடத்துவது மின்சாரமன்று, தேயிலைக் கொழுந்தே. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளே அங்குப் பெரும்பாலோர். அவர்களுக்காக 1962-ஆம் ஆண்டிலேயே குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. நீலகிரியின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு அதுவே முன்னோடி. 1965-இல் அவற்றுக்கெல்லாம் தலைமைச் சங்கமாக இன்ட்கோசர்வ் அமைந்தது.

அத்தகைய மலையூர் ஒன்றில் வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்தைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவாருங்கள். ஓர் ஏக்கர் தேயிலை. வீட்டின் முன்பக்கத்தில் சிறியதொரு மளிகைக் கடை. கொழுந்து கிள்ள ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. அண்டைத் தோட்டத்தார் இலை பறிக்கும் இயந்திரம் வாங்கிவிட்டார்கள். தாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று குடும்பத் தலைவர் எண்ணுகிறார். விலை 60,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். கையில் அவ்வளவு தொகை இல்லை. வங்கியில் கடன் கேட்டால் இரண்டு வாரம் அலைய வேண்டும். சட்டைப் பையிலோ கிரெடிட் கார்டு எனப்படும் கடன் அட்டை இருக்கிறது. அதை ஒருமுறை தேய்த்தால் இன்றே இயந்திரம் வீடு வந்து சேரும். எதைத் தேர்ந்தெடுப்பது?

இக்கேள்வி குந்தாவுக்கு மட்டும் உரியதன்று. வாணியம்பாடியில் தையல் இயந்திரம் வாங்க நினைப்பவருக்கும், காயல்பட்டினத்தில் குளிர்பதனப் பெட்டி வாங்க நினைப்பவருக்கும் இதே கேள்வி எழுகிறது. எனினும் குந்தாவையே நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வரவு இவ்வளவென்று தெரியும். தேயிலைக்காரருக்கோ அது தெரியாது. பச்சைத் தேயிலையின் சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கிறது. தேயிலைத்தூள் விற்ற தொகையில் இலை தந்தவருக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்னும் கணக்கின்படி அவ்விலை அமைகிறது. தூளின் விலை ஏலத்தில் இறங்கினால் இலையின் விலையும் உடன் இறங்கும். தொண்ணூறுகளின் இறுதியில் அது சரிந்து விழுந்தபோது மலைநாடே கலங்கிற்று. 2023-ஆம் ஆண்டில் கிலோவுக்கு 33.50 ரூபாய் வேண்டுமென்று கேட்டு நீலகிரிச் சிறு விவசாயிகள் உண்ணாநோன்பு இருக்க நேர்ந்தது. போதாக்குறைக்கு மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்தால் கொழுந்தே கருகிவிடும். இப்படி நிலையில்லாத வரவு உள்ளவர், நிலையாக ஏறிக்கொண்டே போகும் கடனைத் தோளில் சுமந்தால் என்னவாகும் என்பதே நம் கேள்வியின் உட்பொருள்.

முதலில் உலகக் கணக்கைப் பார்த்துவிடுவோம். மார்க்கக் கணக்கு பிறகு.

வங்கிக் கடன் ஆண்டுக்கு 14 சதவீத வட்டியில் இரண்டாண்டுத் தவணைக்குக் கிடைக்கிறதென்று கொள்வோம். மாதந்தோறும் கட்ட வேண்டியது ஏறத்தாழ 2,881 ரூபாய். இருபத்து நான்கு மாதம் கட்டி முடிக்கையில் மொத்தம் 69,139 ரூபாய் ஆகிறது. அதாவது 60,000 ரூபாய்ப் பொருளுக்கு 9,139 ரூபாய் கூடுதல். இது தவிர, கடனை எழுதுவதற்கென்று வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணமும் உண்டு.

கடன் அட்டையின் கணக்கு வேறு. அட்டையால் வாங்கிய தொகை முழுவதையும் குறித்த நாளுக்குள், அதாவது பெரும்பாலும் ஐம்பது நாட்களுக்குள், செலுத்திவிட்டால் வட்டி இல்லை. இந்த வாசகத்தில்தான் மக்கள் மயங்கிவிடுகிறார்கள். அறுபதாயிரம் கையில் இல்லாததனால் அன்றோ அவர் அட்டையை எடுத்தார்? ஐம்பது நாளில் அது எங்கிருந்து வரும்? முழுத்தொகை செலுத்தாவிடில், பொருள் வாங்கிய நாள் முதற்கொண்டே வட்டி எண்ணப்படுகிறது. அதன்பின் அதே அட்டையால் வாங்கும் உப்பு, புளிக்கும்கூட வட்டியில்லாத் தவணை மறைந்துபோகிறது.

வட்டி மாதம் 3.5 சதவீதம் எனக் கொண்டால் ஆண்டுக்கு 42 சதவீதம். முதல் மாத வட்டி 2,100 ரூபாய். அவ்வட்டியின் மீது 18 சதவீதச் சரக்கு சேவை வரி 378 ரூபாய். ஆக, 2,478 ரூபாய். குடும்பத் தலைவர் மாதம் 3,000 ரூபாய் கட்டுகிறார் என்றால், முதல் மாதம் அசலில் குறைவது 522 ரூபாய் மட்டுமே! இவ்வாறே கட்டிக்கொண்டு போனால் கடன் தீர 43 மாதங்களுக்கும் மேலாகும். கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ 1,29,600 ரூபாய். கெத்தையிலிருந்து மஞ்சூருக்கு ஏறும் மலைப்பாதையில் 43 கொண்டையூசி வளைவுகள் உண்டு என்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு மாதம் நின்று பணம் கட்டிவிட்டு ஏறுவதாக எண்ணிப் பாருங்கள்.

இதையே இலையாகக் கணக்கிட்டால் இன்னும் தெளிவாகும். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய்க்குப் போகிறதென்று வைத்துக்கொண்டால், முதல் மாத வட்டிக்கும் வரிக்குமாக 124 கிலோ கொழுந்து போகிறது. கடன் தீருமுன் கூடுதலாகக் கொடுப்பது 3,480 கிலோவின் விலை. வங்கிக் கடனில் அதே கூடுதல் 457 கிலோ. இயந்திரம் பறித்துத் தந்த இலையெல்லாம் இயந்திரத்தின் வட்டிக்கே போய்ச் சேர்ந்தால், அதை வாங்கியதன் பயன் யாருக்கு?

அரசும் நீதிமன்றங்களும் இதை அறியாமல் இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் கடன் பல மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் நீளும் என்னும் எச்சரிக்கையைக் கணக்குத் தாளிலேயே அச்சிட வேண்டுமென 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. தவணை தவறியவரிடம் தண்டக் கட்டணத்தை வட்டியாகச் சேர்த்து, வட்டிக்கு வட்டி போடலாகாது என்று 2023 ஆகஸ்டில் அதே வங்கி ஆணையிட்டபோது, கடன் அட்டைகளுக்கு அது பொருந்தாது என்றும் கூறிவிட்டது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் அட்டைக்கு வட்டி வாங்குவது முறைகேடான வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை, 2024 டிசம்பர் 20-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கத் தமிழகம் 2003-இல் தனிச்சட்டம் இயற்றியதை அறிவீர்கள். கந்து வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்பான். ஊர் பார்க்கும், ஏசும். அட்டையின் வட்டி ஓசைப்படாமல் வருகிறது. அவ்வளவே வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, உலகக் கணக்கின்படி விடை எளிது: அட்டையைவிட வங்கிக் கடன் எவ்வளவோ மேல். கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம், நாம் முஸ்லிம்களாக இல்லாதிருந்தால்!

வட்டியைப் பற்றித் திருமறை கூறும் கடுஞ்சொற்களை நாம் அறிவோம். அல்பகரா அத்தியாயத்தின் 275-ஆம் வசனம் முதல் 281-ஆம் வசனம் வரை ஓதிப் பாருங்கள். வாணிபமும் வட்டி போன்றதே என்று வாதாடியோருக்கு, வாணிபத்தை ஆகுமாக்கி வட்டியை விலக்கினான் இறைவன் என்று மறுமொழி தரப்படுகிறது. வட்டியை விடாதவர்கள் அல்லாஹ்வுடனும் அவன் தூதருடனும் போர் தொடுத்தவர்கள் என்னும் அளவுக்கு அந்த எச்சரிக்கை போகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜுப் பேருரையில் அறியாமைக் கால வட்டிகளனைத்தையும் தள்ளுபடி செய்தபோது, முதன்முதலாகத் தம் சொந்தச் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியிருந்த வட்டியைத்தான் தள்ளுபடி செய்தார்கள். மேலும், வட்டி வாங்குபவரை மட்டுமன்றிக் கொடுப்பவரையும், அதை எழுதுபவரையும், சாட்சியாக நிற்பவரையும் அவர்கள் சபித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது.

“நான் வட்டி வாங்கவில்லையே, கொடுக்கத்தானே செய்கிறேன்” என்று கூறுவோர் நம்மில் பலர். அவர்களுக்காகவே அந்நபிமொழி அமைந்தது போலும். உயிருக்கு ஆபத்து, உண்ண வழியில்லை என்னும் நிர்ப்பந்தத்தில் சட்டம் வேறாகும். அதை அவரவர் ஊர் ஆலிமிடம் நேரில் சென்று கேட்க வேண்டும். இலை பறிக்கும் இயந்திரம் அத்தகைய நிர்ப்பந்தமா என்பதை மனச்சாட்சியுடன் எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அவ்வாறாயின் கடன் அட்டையில் குறித்த நாளுக்குள் பணம் கட்டி, ஒரு காசுகூட வட்டி கொடுக்காதவரின் நிலை என்ன? இங்கே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சார்ந்த சர்வதேச ஃபிக்ஹு பேரவை 2000-ஆம் ஆண்டில் ரியாதில் கூடி, கணக்கில் பணமின்றிக் கடனாக வழங்கப்படும் அட்டையில் தவறினால் வட்டி என்னும் நிபந்தனை இருக்குமாயின், இலவசத் தவணைக்குள்ளேயே கட்டிவிடும் எண்ணமுடையவரும் அதைப் பெறுவதும் பயன்படுத்துவதும் கூடாது என்று முடிவு கூறியது. வட்டி கொடுப்பேன் என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுவதே தவறு என்பது அதன் வாதம். வேறு சில ஆலிம்களோ, வட்டி விழவே விழாதபடி முழுத்தொகையும் உரிய நாளில் தம் கணக்கிலிருந்து தானே செலுத்தப்படுமாறு ஏற்பாடு செய்துகொண்டவருக்கு, தேவை கருதி இடமளிக்கிறார்கள். எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும் ஒன்று உறுதி: கையில் இல்லாத அறுபதாயிரத்துக்கு அட்டையை எடுப்பவருக்கு இவ்விரு சாராரிடமும் இடமில்லை.

“வட்டியில்லாத் தவணை” என்று கடைகளில் தொங்கும் பலகைகளைப் பற்றியும் ஒரு சொல். பல இடங்களில் அங்குக் கடைக்காரர் கடன் தருவதில்லை. நிதி நிறுவனமே தருகிறது. அதன் வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடி என்னும் பெயரில் ஈடுகட்டுகிறார், அல்லது பொருளின் விலையிலேயே அது மறைந்திருக்கிறது. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே, பூஜ்ய வட்டி என்பது இல்லாத ஒன்று என்று கூறி அத்தகைய திட்டங்களை வங்கிகளுக்குத் தடுத்தது. ஆதலின் பலகையை மட்டும் படித்துவிட்டுக் கையொப்பமிடாதீர்கள். ஒப்பந்தம் யாருடன் என்று கேளுங்கள். பொருளை விற்பவருடனா, பணத்தைக் கடனாகத் தருபவருடனா? ஒருநாள் தவறினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளிலேயே பெரும்பாலும் உண்மை வெளிப்பட்டுவிடும்.

வட்டியை விலக்கிய மார்க்கம், இல்லாதவர் பொருள் வாங்கும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டதா என்றால், இல்லவே இல்லை. தவணைக்கு வாங்குவது நபிகளார் காலத்திலேயே இருந்தது. அண்ணலாரே ஒரு யூத வணிகரிடம் தவணைக்கு உணவு தானியம் வாங்கி, தம் இரும்புக் கவசத்தை ஈடாக வைத்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அடிமைப் பெண்ணாயிருந்த பரீரா (ரலி) அவர்கள் தம் விடுதலைக்கு ஒன்பது ஊக்கியா வெள்ளியை, ஆண்டுக்கு ஒன்றாகக் கட்ட உடன்பட்டிருந்த செய்தியும் புகாரியில் உண்டு. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குச் சற்று உயர்ந்த விலை என்று வைப்பதும் ஆகும் என 1990-ஆம் ஆண்டில் ஜித்தாவில் கூடிய மேற்சொன்ன பேரவை தீர்ப்பளித்தது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. விற்பவரிடம் பொருள் இருக்க வேண்டும். ரொக்கமா, தவணையா, விலை எவ்வளவு என்பது பிரிவதற்கு முன்பே ஒன்றாக முடிவாகிவிட வேண்டும். முடிவான பின் நாள் தவறினாலும் அவ்விலை ஒரு ரூபாயும் ஏறலாகாது. ஏறினால் அது வட்டியே.

கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ உள்ள இயந்திர வணிகர் ஒருவர், ரொக்கத்துக்கு 60,000, பன்னிரண்டு மாதத் தவணைக்கு 66,000 என்று சொல்லித் தம் பொருளைத் தாமே விற்பாராயின், நம் குந்தா நண்பர் மாதம் 5,500 ரூபாய் கட்டலாம். “வங்கிக் கடனிலும் ஏறத்தாழ இவ்வளவுதானே கூடுதல்? பெயர்தானே வேறு?” என்று கேட்பீர்கள். அக்கேள்வியைத்தான் அரபு நாட்டு வணிகரும் அன்று கேட்டார்கள். உறைபனி விழுந்து நான்கு மாதம் கொழுந்தே இல்லாமற்போனால் இரண்டுக்குமுள்ள வேறுபாடு தெரியும். வணிகருக்குத் தரவேண்டியது அப்போதும் அதே 66,000. வங்கியின் கடனோ தூங்குவதில்லை.

தேயிலைக்காரருக்கு வேறொரு வழியும் உண்டு. நம் மக்களிடையே அது ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. அதன் பெயர் ஸலம். நபிகளார் மதீனா வந்தபோது, அவ்வூர் விவசாயிகள் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பேரீச்சங்கனிக்கு விலை பெற்றுக்கொள்வதைக் கண்டார்கள். அதைத் தடுக்கவில்லை. முன்பணம் கொடுப்பவர் அளவும் எடையும் தவணையும் தெளிவாகக் குறிப்பிட்டே கொடுக்க வேண்டுமென நெறிப்படுத்தினார்கள். இன்ன தரமுள்ள இலை இத்தனை கிலோ, இன்ன மாதங்களில் தருவேன் என்று எழுதி, முழு விலையையும் இன்றே பெற்றுக்கொண்டு, அப்பணத்தில் இயந்திரம் வாங்கலாம். இன்ன தோட்டத்து இலைதான் என்று மட்டும் கட்டலாகாது. அத்தோட்டம் பனியில் கருகிவிட்டால் வாங்கியவர் ஏமாறுவார் என்பதனால் ஃபுகஹாக்கள் அதைத் தடுத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் பேரீச்சைக்குச் சொல்லப்பட்ட விதி, உறைபனி பெய்யும் மலையின் தேயிலைக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

இதையும் தேயிலை முகவர்கள் சில இடங்களில் தரும் முன்பணத்தையும் ஒன்றென எண்ணிவிடக் கூடாது. “பணம் கடனாகத் தருகிறேன்; கடன் தீரும்வரை இலையை எனக்கே, நான் சொல்லும் விலைக்கே போடவேண்டும்” என்றால் அது ஸலம் ஆகாது. கடனையும் விற்பனையையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபிகளார் தடுத்திருக்கிறார்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து எடுப்பது கணக்கில் வட்டி என்று எழுதப்படாத வட்டியே ஆகும். இத்தகைய பிடியிலிருந்து சிறு விவசாயிகளை விடுவிக்கவே கூட்டுறவுத் தொழிற்சாலைகள் தோன்றின என்பதை அவற்றின் உறுப்பினர்கள் நினைவில் கொள்வது நல்லது.

மூன்றாவது வழி அழகிய கடன், அதாவது கர்ளு ஹஸனா. கொடுத்த தொகையை மட்டும் திரும்பப் பெறும் கடன். இதை உறவினரிடம் கேட்க நாணுகிறோம். வங்கியில் வட்டிக்குக் கேட்க நாணுவதில்லை! இதற்கென அமைப்புகள் நம் நாட்டில் பலகாலமாக உண்டு. உத்தரப் பிரதேசத்தின் டாண்டா பாவ்லியில் 1941-இலும், தேவ்பந்தில் 1961-இலும் முஸ்லிம் நிதிகள் தோன்றின. மக்கள் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்திலிருந்து, நகையை ஈடாகக் கொண்டு, வட்டியின்றிக் கடன் தருவது அவற்றின் வழக்கம். எகிப்தின் மித் கம்ர் என்னும் ஊரில் 1963-ஆம் ஆண்டில் அஹ்மத் அந்நஜ்ஜார் என்னும் அறிஞர் தொடங்கிய சேமிப்பு வங்கியும் நைல் நதிப் படுகையின் ஏழை விவசாயிகளை நம்பியே எழுந்தது. குந்தாவில் கூட்டுறவுத் தொழிற்சாலை கண்ட மறு ஆண்டு அது.

இன்று இந்தியாவில் இஸ்லாமிய வங்கி என்று ஒன்று இல்லை. வட்டியில்லா வங்கிமுறைக்கு வழிசெய்யலாமென்று ரகுராம் ராஜன் குழு 2008-இல் பரிந்துரைத்ததும், அத்திட்டத்தை மேற்கொண்டு செல்வதில்லை என ரிசர்வ் வங்கி 2017-இல் முடிவெடுத்ததும் நாடறிந்தவை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஜமாஅத்தின் பைத்துல்மால் போதும். ஐம்பது வீடுகளுள்ள ஒரு மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் சேர்த்தால் ஆறு மாதத்தில் 60,000 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு இரண்டு குடும்பங்கள் வட்டிக்குப் போகாமல் தப்பும். அவர்கள் திருப்பித் தரத் தர, மூன்றாவது, நான்காவது குடும்பமும் தப்பும். ஜமாஅத் நிர்வாகிகள் இதைப் படிப்பார்களாயின், வரவிருக்கும் மாதக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்வார்களாக.

சீட்டைப் பற்றிக் கேட்போரும் உண்டு. பன்னிரண்டு பேர் மாதம் 5,000 போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவர் 60,000-ஐ முழுதாக எடுத்துக்கொள்ளும் சீட்டு ஒருவர்க்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வட்டியில்லாக் கடனே, அதில் குற்றமில்லை. அவசரக்காரர் 48,000-க்குத் தள்ளி எடுக்க, மிச்சத்தை மற்றவர் பங்கிட்டுக்கொள்ளும் ஏலச் சீட்டு அவ்வாறன்று. பணத்துக்குப் பணம் கூடுதலாகக் கைமாறுவதால் உலமாக்கள் அதை ஆட்சேபிக்கிறார்கள்.

இத்தனையும் பேசிக்கொண்டிருக்கையில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். “ஏங்க, என் வளையல் சும்மாதானே கிடக்கிறது? அதை வைத்து வாங்கிக்கொள்ளுங்களேன்.” எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றிய குரல் இது. அந்தக் குரலுக்கு உரிய மதிப்பை நாம் தருவதில்லை. மஹராகவோ தாய்வீட்டுச் சீராகவோ வந்த நகை மனைவியின் சொத்து. அவள் முழுமனத்துடன் இசையாமல் கணவன் அதைத் தொடலாகாது. அவள் கடனாகத் தந்தால் அது கணவன் மீது கடனே. அவன் மரணித்தால் வாரிசுரிமை பிரிக்கப்படுமுன் அவளுக்குத் தந்து தீர்க்க வேண்டிய கடன். வட்டிக்கு அடகு வைப்பதைவிட அதை விற்று இயந்திரம் வாங்கி, இலைப் பணம் வர வர அவளுக்கு அதே எடைத் தங்கத்தைத் திரும்ப வாங்கித் தருவதாக ஒப்புக்கொள்வது மேலானது. தங்கத்தின் விலை ஏறினால் என்ன செய்வது என்ற அச்சம் ஆண்களுக்கு வரும். அடகு வைத்து மீட்காமற்போன நகைகளை எண்ணிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றுவதில்லை!

முன்பே அட்டைக் கடனில் விழுந்துவிட்டவர் என்ன செய்வது? முதலில் அட்டையை நிறுத்தட்டும். உறவினரிடம் அழகிய கடன் பெற்றோ, விற்கத்தக்கது எதையேனும் விற்றோ அக்கடனை முதலில் அடைக்கட்டும். ஆகுமான தேவைக்குக் கடன்பட்டு, அடைக்கவே வழியற்றுப் போனவர் ஜகாத் பெறும் எண்வகையினருள் ஒருவர் என்று தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் கூறுகிறது. ஜகாத் கொடுப்போர் அண்டை வீட்டுக் கடன்காரரைத் தேடிப் பார்க்க வேண்டும். அவர் வாய்திறந்து கேட்கமாட்டார்.

கடன் எதுவாயினும், வட்டியில்லாததாயினும், அதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். உயிர்த்தியாகியின் பாவங்களெல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று நபிகளார் எச்சரித்துள்ளார்கள். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவைத் தாம் தொழாமல், தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று காரணமும் கூறி, கடனிலிருந்து தொழுகையில் பாதுகாப்புத் தேடினார்கள். தவணைக்கு ஒரு நாள் முன்னர்க் கைப்பேசி மணி அடிக்கும்போது பிள்ளையிடம் “அத்தா வீட்டில் இல்லை என்று சொல்” என்று கூறாத கடன்காரர் எத்தனை பேர்?

நம் குந்தா நண்பருக்கு மீண்டும் வருவோம். அவரிடம் ஒரு மளிகைக் கடை இருக்கிறது என்றோம் அல்லவா? அக்கடையில் ஒரு பற்று நோட்டும் இருக்கிறது. தோட்டத் தொழிலாளரும் சிறு விவசாயிகளும் அரிசி, பருப்பு வாங்கிப் போய், இலைப் பணம் வந்ததும் தீர்க்கும் கணக்கு அது. மலையூர்களில் இத்தகைய நோட்டு இல்லாத கடை அரிது. அதில் எத்தனை ஆயிரம் நிலுவையென்று அவர் ஒருமுறை கூட்டிப் பார்த்தால் வியப்படைவார். தாம் வட்டியில்லாமல் ஊருக்குக் கொடுத்திருக்கும் கடன் அது. வசதியிருந்தும் இழுத்தடிப்பவரிடம் அவர் உரிமையுடன் கேட்கலாம். வசதியுள்ளவன் தாமதிப்பது அநீதி என்பது நபிமொழி. பனியில் கொழுந்தை இழந்தவரிடம் கேட்கலாகாது. அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் தரவேண்டும், தானமாக விட்டுவிடுவது இன்னும் நல்லது என்று அல்பகராவின் 280-ஆம் வசனம் சொல்கிறது.

நோட்டில் வரக்கூடியதை வசூலித்து, மனைவியின் வளையலில் ஒன்றை அவள் சம்மதத்துடன் விற்று, மிச்சத்துக்கு வணிகரிடம் ஆறு மாதத் தவணை பேசி, அடுத்த கொழுந்துப் பருவத்துக்கு முன் அவர் இயந்திரத்தை வாங்கிவிடலாம். நான்கைந்து மாதம் தாமதமாகும், உண்மைதான். அதுவரை பழைய கத்தரி போதும். பேசி முடித்ததை அன்றே எழுதிவிட வேண்டும். திருமறையிலேயே நீளமான வசனம், அல்பகராவின் 282-ஆவது, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே. தொகை, தவணை நாள், விலை ஏறாது என்னும் வாசகம், இரு சாட்சிகளின் கையொப்பம் ஆகியவற்றுடன் இரண்டு படிகள். ஒன்று வணிகரிடம் இருக்கட்டும். மற்றொன்றில், வளையலின் எடையையும் ஓர் ஓரத்தில் குறித்து, வீட்டுப் பெட்டியில் வைக்கட்டும்.